கேலரிக்கு அடியில்

மார்ச் 4, திங்கள்

சிட்டு, என் மகளே, நீ போன பிறகு இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பிப் போனேன்.

பெரியக்கா வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கழிப்பறை கழுவிவிட்டு வந்தவள், கையெல்லாம் ஈரம். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. ஆளாளுக்குத் துடைப்பத்தில் ஏதோ சிக்கியது போலக் குனிந்துகொண்டார்கள்.

அரங்கம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் பாட்டுக் கச்சேரி, மறுநாள் கூடைப்பந்து, அதற்கு மறுநாள் பரீட்சை, பிறகு பட்டமளிப்பு. பல்கலைக்கழகத்துக்கு இருப்பது ஒரே பெரிய கூரை, எல்லாக் கூத்தும் அதன் கீழேதான். கச்சேரிக்கு, ஜனங்கள் உட்காரும் படிப்படியான கேலரியை இழுத்து விரிக்க வேண்டும். பரீட்சைக்கு மேசை போட அதே கேலரியை டிராயர் மாதிரி சுவருக்குள் தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன் ஒரு ஆள் அடியில் நுழைந்து குப்பையைப் பொறுக்கி, யாரும் இல்லை என்று பார்த்து, அந்தக் கோடியில் வெளியே வந்து, "ஆளில்ல" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் இந்தக் கோடியில் சுவிட்ச்.

அடியில் போனது நீ. சுவிட்சில் நின்றது உன் புருஷன்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் பேசுவது? ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை இருந்தால் எப்போதும் போலச் சிரித்துக்கொள்.

மார்ச் 6, புதன்

விசாரணை முடிவு வந்துவிட்டதாம். சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படித்தார். இறந்த பணியாளரே குரல் கொடுத்தார். கொடுத்த பிறகும் அடியிலேயே இருந்தார். அவருடைய கவனக்குறைவு. குரலைக் கேட்டதாகச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? நம் மாப்பிள்ளை.

உனக்குத்தான் அந்த வாரம் குரலே இல்லையே. தொண்டை கட்டி வெறும் காற்றுத்தான் வந்தது. ஒரு வாரம் வாயைத் திறக்காதே என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். சுவரைத் தட்டித் தட்டித்தான் என்னைக் கூப்பிட்டாய். அவன் என்ன சொன்னான்? "கல்யாணம் பண்ணதுலேர்ந்து இந்த ஒரு வாரம்தான், அத்தை, என் காதுக்கு நிம்மதி." நீ அவன் முதுகில் ஒன்று வைத்தாய். நான்கூடச் சிரித்தேன்.

அவனுக்கா தெரியாது?

மார்ச் 7, வியாழன்

கேட்டேன். உன் மகள் குட்டி அவன் மடியில் உட்கார்ந்திருந்தது. அதுவும் பார்க்கட்டும் என்றுதான் கேட்டேன்.

"அவளுக்குத்தான் குரலே இல்லையே, யார் குரலைக் கேட்டீங்க?"

சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். "விட்டுடுங்க அத்தை" என்றான்.

விடுறதாம். எதை விட? ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிரித்து ஒரு குச்சியை எடுத்துத் தந்தார்களே, அதையா? கச்சேரிக்கு வருகிற பிள்ளைகள் வளைத்து ஒடித்து வெளிச்சம் வரவைத்து ஆட்டுகிற பிளாஸ்டிக் குச்சி. மறுநாளும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். குட்டிக்கென்று பொறுக்கிக்கொண்டு வருவாய். அன்றைக்கும் பச்சை நிறத்தில் ஒன்று. நர்ஸ் கையிலிருந்து நான் வாங்கும்போது அதில் உயிர் இருந்தது.

மார்ச் 9, சனி

இன்று அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

உனக்கு மரியாதை செய்தார்கள். கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே. என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆடுகளத்தின் மத்தியில் நிற்க வைத்தார்கள், செருப்பைக் கழற்றச் சொல்லி. தரை கீறிவிடுமாம். ஆட்டக்காரர்கள் எல்லாம் பூட்ஸோடுதான் நின்றார்கள்.

மைக் பிடித்தவர் உன்னை "நம் குடும்பத்தில் ஒருவர்" என்றார். பெயரைத் தப்பாகச் சொன்னார். ஒரு நிமிடம் மௌனம். பெரிய திரையில் என் முகம். மூக்கைத் துடைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மேலே யாரோ இருமினான், யாரோ சிரித்தான். மௌனம் முடிவதற்குள் முரசு அடிக்கிறவன் அடித்துவிட்டான். அணிக்காகச் சிங்க வேஷம் போட்டவன் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் பாதியில் நின்று, வாலைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தான். அந்தக் கூட்டத்திலேயே வெட்கப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

அப்புறம் மைக் பிடித்தவர், எந்த வரிசைக்கு இலவசப் பனியன் என்று கேட்டார். அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள்.

மார்ச் 18, திங்கள்

மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பையில் சின்னம் போட்ட புதுச் சட்டை. "உன் மகளைக் கொடுத்து வாங்குன சட்டை, துவைக்கும்போது சாயம் போகாமப் பார்த்துக்கச் சொல்லு" என்றாள் பெரியக்கா. அவள் பேச்சு எனக்கு எப்போதும் கசக்கும், இருந்தாலும் இன்று இனித்தது.

மாலையில் குட்டிக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். அம்மாவை யார் நசுக்கினது என்று நான் கேட்டால், அது "அப்பாதான்" என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். சீக்கிரம் பிடித்துக்கொண்டது. உன்னை மாதிரியே கெட்டிக்காரி.

இதைப் படித்தால் நீ என்னை ஏசுவாய். ஏசு. குரல் இருந்தால் ஏசு.

மார்ச் 22, வெள்ளி

அரங்கத்து வாசலில், அவன் கூட்டாளிகள் எல்லாம் டீ குடித்துக்கொண்டு நின்ற இடத்தில், குட்டியைக் கேட்டேன். சொல்லிவிட்டது. கணீரென்று. அவன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். குட்டி என் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது.

கொடுத்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல நாற்காலி, நல்ல பேச்சு, உட்காருங்க அம்மா என்றார். உனக்குக் குரல் போயிருந்ததைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார்: "குரலே இல்லாதவங்க குரல் கொடுக்கிற வேலைக்கு ஏன்மா போனாங்க?"

அப்படியானால் இன்னும் பெரிய கவனக்குறைவு அல்லவா, அதையும் சேர்த்து எழுதச் சொல்கிறீர்களா என்றார். வேண்டாம் என்று நானே கும்பிட்டுவிட்டு வந்தேன். உன் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் போய், இன்னொரு கை அள்ளிப் பூச இருந்தேன்.

மார்ச் 29, வெள்ளி

அவனே வந்தான். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம். கேலரி விரிந்து கிடந்தது. அதன் முதல் படியில், எனக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தான்.

குரல் வராததால் நீங்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தீர்களாம். அந்தக் கோடியில் வெளியே வந்து இரும்பில் இரண்டு தட்டினால் தள்ளலாம். ஒன்று தட்டினால் நில். சூப்பர்வைசருக்கும் தெரியுமாம். வாரம் முழுவதும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

"அன்னிக்குத் தட்டினாளா?"

"தட்டுனா அத்தை."

"எத்தன?"

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். "எண்ணல."

மேடையைப் பிரிக்கிறவர்கள் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். பரீட்சை மேசை ஏற்றிய லாரி வந்து நிற்கிறது என்று சூப்பர்வைசர் கத்தினாராம். தட்டுகிற சத்தம் கேட்டது, அழுத்திவிட்டான். உண்மையைச் சொன்னால் நம் இரண்டு பேருக்கும் வேலை போகும், பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று மிரட்டி, அவர்தான் குரல் கேட்டதாகச் சாட்சி சொல்லச் சொன்னாராம்.

அழுதான். தோளைத் தொட்டிருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான்.

"எண்ணத் தெரியாதவனுக்கா என் பொண்ணக் குடுத்தேன்" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவளுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்."

"நானும் தெனமும் அதத்தான் நெனைக்கிறேன் அத்தை."

"நெனைக்கிறதோட நிறுத்திட்டியே."

சொல்லிவிட்டேன் சிட்டு. சொல்லும்போது நன்றாக இருந்தது. தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

மார்ச் 30, சனி

வேலையை விட்டுவிட்டானாம். புதுச் சட்டையை மடித்து சூப்பர்வைசர் மேசையில் வைத்துவிட்டுப் போனானாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

குட்டியைக் கூட்டிக்கொண்டு அவன் அக்கா ஊருக்குப் போய்விட்டான். நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். போகாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது, "கொண்டு போறியே, இவளையாவது எண்ணி வச்சுக்க." அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குட்டியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான்.

பஸ் கிளம்பும்போது குட்டி ஜன்னலில் எட்டிப் பார்த்தது. என் முகம் வாடியிருந்தது அதற்குப் புரிந்திருக்கும். எனக்குப் பிடித்ததைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கும். நான் எதுவும் கேட்காமலே, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்பாதான்" என்றது. கையை வெளியே நீட்டியது.

என்னிடம் பிஸ்கட் இல்லை. வெறும் கையைப் பிடித்தேன். பஸ் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஏப்ரல் 3

படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 20, சனி

உன் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். குனிந்து போக என் உயரம் தோதாம். இப்போது சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது, குரல் மட்டுமே கொடுக்க வேண்டும், தட்டக் கூடாது என்று. உன்னால் வந்த ஒரே மாற்றம் அந்த ஒரு வரிதான். அதிலும் உன் பெயர் இல்லை.

நேற்றுக் கச்சேரி. இன்று காலை சுத்தியல் வேலை தொடங்கும் முன்பே நான் அடியில் நுழைந்துவிட்டேன். பெரியக்காவை சுவிட்ச் பக்கத்தில் வெறுமனே நிற்கச் சொன்னேன். எதற்கடி என்றாள். நில்லு என்றேன்.

அந்தக் கோடிக்குப் போய், துடைப்பக் கட்டையால் இரும்பில் ஒன்று தட்டினேன். ஒரே ஒன்று.

"எத்தன கேட்டுச்சு?"

"ரெண்டு" என்றாள். அப்புறம், "இல்ல, மூணோ என்னமோ. உள்ள போயிட்டுத் திரும்பி வருதேடி சத்தம்."

இரண்டு தட்டினேன்.

"இப்ப?"

"அதேதான்."

சுத்தியல் இல்லை, லாரி இல்லை, கத்துகிறவர் இல்லை. அப்படியிருந்தும் அவளால் எண்ண முடியவில்லை.

வெளியே வந்ததும் பெரியக்கா போனிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். அவன் அக்காதான் எடுத்தாள். கொடுங்கள், ஒரு வார்த்தைதான் என்றேன். "என் தம்பிக்குத்தான் எண்ணத் தெரியாதே, அவன்கிட்ட உங்களுக்கு என்ன பேச்சு?" என்றாள். பின்னால் குட்டியின் சத்தம். யாரிடமோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அவன் குற்றம் இல்லை என்று சொல்லவா கூப்பிட்டேன்? அது எனக்கே இன்னும் தெரியாது. நீ நில் என்று ஒன்று தட்டியிருந்தால் அவனுக்கு அது இரண்டாகக் கேட்டிருக்கும். நீயே தள்ளச் சொல்லி இரண்டு தட்டிவிட்டு, அப்புறம் அந்தக் குச்சியைப் பார்த்து மறுபடி உள்ளே குனிந்திருந்தால்?

மத்தியானம் கேலரி உள்ளே போகும் முன் திரும்ப நுழைந்தேன். கடைசி மூலையில், காகிதக் கப்புகளுக்கு நடுவே பச்சையாக ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கோடியில் வெளியே வந்து, தொண்டை கிழியக் குரல் கொடுத்தேன்: ஆளில்ல.

இதை எழுதும்போது குச்சி பக்கத்தில்தான் இருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

சிட்டு, அன்றைக்கு நீ தட்டியது ஒன்றா, இரண்டா?