லைப்சிக்கில் எழுதிய அறிக்கை

பீளமேடு,
12.2.1996

அன்புள்ள பிரியா,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் அம்மா போனில் சொன்னார். ஆறு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்து அரங்கத்து நிகழ்ச்சிகளைக் கவனித்த நம் இருவரில் ஒருத்திக்குத்தான் ஜெர்மனிப் பயிற்சி என்றபோது, உன் பெயரைச் சொன்னது நான்தான். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், பேச வராது. ஆறு மாதமும் உன் வேலையைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நிர்வாகம் படித்தவள் ஒருத்தி வந்தால் நம் அரங்கம் உருப்படும்.

கூட்டிப் பெருக்கும் சுப்பாத்தாக்கா தினமும் கேட்கிறார்: "ஏனுங்க அம்மணி, அந்த ஊர்ல பிரியா அம்மணிக்குச் சோறு கெடைக்குதுங்களா?" பதில் போடு.

அன்புடன்,
பொற்கொடி

லைப்சிக்,
9.3.1996

என் பொற்கொடிக்கு,

சோறு கிடைக்கிறது, குழம்புதான் இல்லை என்று அக்காவிடம் சொல். கானா, வியட்நாம், பெரு என்று பதினான்கு பேர் படிக்கிறோம். எல்லாரும் அரங்கமோ அருங்காட்சியகமோ நடத்துகிறவர்கள். ஆட்களை எப்படி வேலை வாங்குவது என்பதற்கே ஒரு பாடம் இருக்கிறது! "பார்த்துக்கலாமுங்க" என்ற பேச்சு இங்கே செல்லாது.

கடைசியில் அவரவர் நிறுவனத்தைப் பற்றி அறிக்கை தரவேண்டும். நம் அரங்கத்தில் யார் என்ன செய்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று ஒளிக்காமல் எழுது. நமக்குள்ளேதானே.

உன்
பிரியா

பீளமேடு,
2.4.1996

அன்புள்ள பிரியா,

கேட்டாய், எழுதுகிறேன். விளக்குப் போடும் மாசாணம் அண்ணனுக்கு மாதத்தில் எட்டு நாள்தான் விளக்கு வேலை. மற்ற நாளில் உடைந்த நாற்காலிகளைச் சரிசெய்வார், தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பார். யாரும் சொல்லி அல்ல. சுப்பாத்தாக்கா மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவதால் நான் கண்டுகொள்வதில்லை. நிகழ்ச்சி இல்லாத மத்தியானங்களில் நான் நாவல் படிப்பது உனக்கே தெரியும். என் தோளில் சாய்ந்து சேர்ந்து படித்தவள்தானே நீ!

இதையெல்லாம் ஜெர்மன்காரர்களிடம் சொல்லி மானத்தை வாங்காதே. இரண்டு பேர் வேலையில் இடுப்பு ஒடிகிறது. சீக்கிரம் வா.

அன்புடன்,
பொற்கொடி

லைப்சிக்,
20.6.1996

என் பொற்கொடிக்கு,

என் அறிக்கைக்கு வகுப்பில் முதலிடம்! ஒரு பிரதி நம் தலைவருக்கும் போயிருக்கிறது. யார் பெயரையும் போடவில்லை, பதவி மட்டும்தான். சில இடங்களில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். இங்கே அப்படித்தான் எழுதவேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வந்ததும் என்னை மேலாளர் ஆக்குவதாகத் தலைவர் எழுதியிருக்கிறார். முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

உன்
பிரியா

பீளமேடு,
25.7.1996

சாய்ப்ரியாவுக்கு,

நேற்றுத் தலைவர் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். உன் அறிக்கையை என் கையில் கொடுத்து, "இவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லீருங்க" என்றார்.

படித்தேன். விளக்குக்காரர் மாதத்தில் பெரும்பாலான நாள் வேலையில்லாமல் இருக்கிறார். துப்புரவுப் பணியாளர் நேரத்துக்கு முன்பே போய்விடுகிறார். நிகழ்ச்சி உதவியாளர் பணி நேரத்தில் நாவல் படிக்கிறார். மூன்று இடங்களையும் நீக்கலாம். உன் வேலையையும் நான் பார்த்தேனே, அதையும் எழுதியிருக்கிறாய்: ஒருத்தியே செய்துவிட்டதால் அந்த வேலைக்கு இரண்டு பேர் தேவையில்லை என்பதற்குச் சான்றாக.

மாசாணம் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, நாம்ப சேரு, மோட்டாரெல்லாம் பார்த்தது அதுல இல்லீங்களா?"

இல்லை, பிரியா. நான் எழுதினேன், நீ விட்டுவிட்டாய்.

"இருக்குதுங்கண்ணா. நல்லாவே எழுதியிருக்குது" என்றேன். "அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு, தலைவர் நீட்டிய வேலை நீக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

சுப்பாத்தாக்கா மட்டும், "நான் மூணு மணிக்குப் போறது அந்த ஊருக்கு எப்படீங்க தெரிஞ்சுது?" என்றார். "நான்தானுங்க எழுதிப்போட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிறுத்தி, "எதுக்குங்க வந்தீங்க?" என்றார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

நீ ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டுக்கு வர நினைப்பாய். அந்தக் கேள்வியை உன்னிடம் நான் கேட்கும்படி வைத்துவிடாதே.

இப்படிக்கு,
ப. பொற்கொடி