நான்காம் வகுப்பறைக்குக் கீழே நிலக்கரி இல்லை என்பது குறித்து

அனுப்புநர்:
வகுப்பாசிரியை, நான்காம் வகுப்பு,
அரசு தொடக்கப் பள்ளி
(தற்போது அதே பள்ளியின் மாடிப்படி).

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கனிம வளத் துறை.

பொருள்: வகுப்பறையில் நிலக்கரி இருப்பதாகக் கருதி வைக்கப்பட்ட முத்திரையை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒன்பது வயது மாணவி பூர்த்தி செய்த படிவம். 2. தங்கள் துறையின் காப்பு ஆணை. 3. என்னிடம் விளக்கம் கேட்டு வந்த அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது ஆண்டுகளாக நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பதினோராவது பாடம் ‘நம் நாட்டின் இயற்கை வளங்கள்’. புத்தகத்தில் படிப்பதை மாணவர்கள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள், தோண்டி எடுத்ததை மறப்பதில்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் முதல் மணிக்கு முன்பே பள்ளி முற்றத்தில் நான்கு சிறு குழிகள் தோண்டி, பொருள்களைப் புதைத்து வைப்பேன். மாணவர்கள் கரண்டியால் தோண்டி, எடுத்த பொருளையும் இடத்தையும் எழுதித் தர வேண்டும். இந்த ஆண்டு களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கிடைத்தன. நிலக்கரிக்குப் பதிலாக இஸ்திரிக் கடையிலிருந்து ஒரு துண்டு அடுப்புக்கரியும், இரும்புத் தாதுவுக்குப் பதிலாகத் துருப்பிடித்த கதவுக் கீல் ஒன்றும் வைத்தேன். மாற்றி வைத்ததை மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

2. எங்கள் பள்ளியில் எழுதுவதற்கு அலுவலகங்கள் கழித்துப்போடும் தாள்களையே பயன்படுத்துகிறோம். இந்த ஆண்டு வந்த கட்டு தங்கள் துறையுடையது: ‘புதிய கனிமம் கண்டறியப்பட்டதற்கான அறிவிப்புப் படிவம்’. யார் கண்டது, எங்கே, எவ்வளவு தூரம், என்ன பொருள் என்று எனக்கு வேண்டிய கேள்விகள் எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தன. அதையே நிரப்பச் சொன்னேன். இது என் தவறு.

3. நிரப்பிய தாள்கள் திருத்துவதற்காக என் மேசையில் இருந்தன. எங்கள் அலுவலக எழுத்தருக்குப் பூர்த்தியான படிவம் ஓரிடத்தில் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காது. முப்பத்து நான்கையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். கேட்டதற்கு, “அட்ரஸ் அதுலயே போட்டிருந்துச்சு டீச்சர். அனுப்பாம வச்சிருந்தா நாளைக்கு என் தலைதானே உருளும்?” என்றார்.

4. முப்பத்து மூன்று படிவங்கள் குறைபாடு சுட்டித் திரும்பி வந்தன. ஒன்றில் கனிமத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பூனை வரையப்பட்டிருந்தது. ஒரு படிவம் மட்டும் ஏற்கப்பட்டது. அதை எழுதியவள் தையற்காரம்மாவின் மகள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவள். அவளை அப்படிப் பழக்கியவள் நான்.

5. தபால் போன பன்னிரண்டாம் நாள் தங்கள் ஆய்வாளர் ஒருவர் உதவியாளருடன் வந்தார். அவள் படிவத்தில் நிலக்கரி கிடைத்த இடம் ‘தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிழக்கே இருபது காலடி’ என்று இருந்தது. ஆய்வாளர் தொட்டியிலிருந்து நடக்கத் தொடங்கினார். பதினான்காவது அடியில் வகுப்பறைச் சுவர் வந்தது. சுற்றி வாசல் வழியாக உள்ளே வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் மீதி ஆறு அடிகளை வைத்தார். கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். மாணவி எழுந்து, “சார், அது என் காலடி. உங்க கால் பெருசு” என்றாள். அவர், “பாப்பா, கவர்மென்ட் கணக்குல எல்லார் காலும் ஒண்ணுதான்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அப்படியே எழுதிக்கொண்டார்.

6. மேசைமேல் தட்டில் இருந்த கரித்துண்டு ‘அகழ்ந்து எடுக்கப்பட்ட நிலக்கரி’ என்று பதிவானது. சுண்ணக்கட்டிப் பெட்டி சுண்ணாம்பு இருப்பில் சேர்ந்தது. கதவுக் கீலைப் பற்றி, ‘இப்பகுதியில் இரும்பு சுத்திகரிக்கப்பட்ட நிலையிலேயே கிடைக்கிறது’ என்று அறிக்கை சொல்கிறது. நிலக்கரியைப் பாதுகாக்கக் காப்பு ஆணை போட்டு, அன்று மாலையே அறை பூட்டி முத்திரை இடப்பட்டது. மாணவர்களின் நோட்டுப் புத்தகங்களும் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களும் உள்ளே இருக்கின்றன. டப்பாக்களைத் திருப்பிக் கேட்டு நாங்கள் மனுச் செய்யவில்லை. இனி அவற்றைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

7. கண்டுபிடித்தவரே நேரில் வந்து மறுத்தால் ஆணை ரத்தாகும் என்றார்கள். மாணவியையும் அவள் தாயையும் அழைத்துக்கொண்டு தங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனேன். “கரி இல்லைன்னு சொல்லும்மா, போயிடலாம்” என்று தாய் கெஞ்சினார். மாணவி யோசித்துவிட்டு, “இருந்துச்சே. டீச்சர் போட்டாங்க, நான் எடுத்தேன்” என்றாள். பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் மூன்றாவது பாடம். அவள் வாக்குமூலம் கண்டுபிடிப்பை உறுதி செய்வதாக ஏற்கப்பட்டது. உரிமம் இன்றி நிலக்கரியை இருப்பு வைத்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு அறிவிப்பு வந்துள்ளது. விளக்கத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன். அதில் கேட்டிருந்த கரித்துண்டின் விலை மட்டும் இஸ்திரிக் கடைக்காரருக்கே தெரியவில்லை.

8. நாற்பத்து மூன்று நாள்களாக மாடிப்படியில் பாடம் நடக்கிறது. படிக்கு இரண்டு பேர். ஐந்தாம் வகுப்பு மேலே போகும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்கிறோம். ஒரு நாள் ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், நிலக்கரி கிடைச்சா நாட்டுக்கு நல்லதுன்னு சொன்னீங்க. நமக்கு மட்டும் ஏன் கிளாஸ் போச்சு?” பாடநூலின் ஆசிரியர் கையேட்டில் இதற்கு விடை இல்லை. அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.

9. இம்மனுவை எழுத வைத்தது வேறொன்று. அந்த மாணவியை மற்றவர்கள் இப்போது ‘கரி’ என்று அழைக்கிறார்கள். “உன்னாலதான்டி படியில உக்காந்திருக்கோம்” என்கிறார்கள். கண்டித்தேன். என் காது கேட்கும் தூரத்தில் மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சென்ற திங்கட்கிழமை காடுகள் பற்றிய பாடம். மாணவர்களை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள மரங்களைப் பட்டியலிடச் சொன்னேன். முற்றத்தில் மூன்று மரங்கள் உள்ளன. அவள் ஒரு மரத்தில் சாய்ந்தபடியே எழுதித் தந்தாள்: ‘இங்கே ஒன்றும் இல்லை.’

ஐயா, பத்தொன்பது ஆண்டுகளில் நான் திருத்த முடியாமல் திரும்ப மடித்து வைத்த விடைத்தாள் அது ஒன்றுதான். கண்டதைக் கண்டபடி எழுதிய குழந்தை இப்போது கண்டதை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதைக் கற்பித்தது நானும் தங்கள் துறையும். ஆகவே முத்திரையை அகற்றி அறையைத் திருப்பித் தர வேண்டுகிறேன். அதோடு, அவள் படிவத்தில் எழுதியது சரி, அளந்தவர்களே தவறினார்கள் என்று துறையின் முத்திரையுடன் அவள் பெயருக்கு ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன். இரண்டில் ஒன்றுதான் இயலும் என்றால் அந்த ஒரு வரியைத் தாருங்கள். நாங்கள் படியிலேயே இருந்துகொள்கிறோம்.

மேலே சொன்ன மூன்று மரங்களைப் பற்றி வனத்துறைக்குத் தகவல் தர வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாடிப்படி, கீழிருந்து ஆறாவது படி
நாள்: பூட்டிய நாற்பத்து மூன்றாம் நாள், புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
வகுப்பாசிரியை, நான்காம் வகுப்பு

இணைப்பு: மாணவியின் விடைத்தாள், திருத்தப்படாதது – 1