ஆணி மட்டும்

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா?

"கான்வென்ட்ல படிச்சவ, அங்க நாயைக் குளிப்பாட்டுறா" என்று அண்ணி சொல்லித் திரிகிறாராம். தவறு. செல்லப்பிராணிகளைப் படம் எடுக்கும் கடை நடத்துகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும். கால்நடை மருத்துவரின் காத்திருப்பறையில் விளம்பரத்துக்காக, அங்கே வந்த ஒரு கிழநாயை நானே எடுத்த படத்தை மாட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். நேற்றுதான் அதைப் பார்த்து முதல் ஆள் கடைக்கு வந்தார். அந்த நாயை வளர்த்தவர்.

"அவன் போயிட்டான்மா. அந்தப் படம் எனக்கு வேணும்" என்றார்.

விலை சொல்ல வாய் வரவில்லை, போய்க் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதையே இன்னொரு பிரிண்ட் போட்டு மாட்ட மனமில்லை. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

நம் பூனையை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. விளம்பரத்துக்குத்தான். மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

என் அறையை வாடகைக்கு விட்டுவிட்டாயா? போனில் கேட்டால் மழுப்புவாய். எழுதியே பதில் போடு.

அக்கா