இரண்டு ஹோன்

ஜூலை 7, திங்கள்

காலைத் தேநீரோடு உம்மா இன்னொரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்து வைத்தார். இந்தமுறை குவைத். தேநீரைத் தொடாமலே புறப்பட்டேன்.

புத்தளத்திலிருந்து ஆசிரியர்களை ஏற்றும் வானில் முன் ஆசனம். புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். பாலாவியில் றோசலின் மிஸ்ஸோடு மதுசாவும் ஏறினாள். பக்கத்துப் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியை. போன கிழமைதான் எங்கள் வானில் சேர்ந்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மிஸ், என்ன வாசிக்கிறீங்க?"

"வாசிக்க விட்டாத்தானே தெரியும்."

கற்பிட்டியில் பாடசாலை வாசலில் இறங்கும்வரை புத்தகத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

ஜூலை 8

மதுசா வரவில்லை. சோளகக் காற்று பலமாக வீசுகிறது. ரோட்டெல்லாம் மணல்.

ஜூலை 9

இன்றும் இல்லை. சுகமில்லையோ? றோசலின் மிஸ்ஸிடம் கேட்டேன்.

"பஸ்ஸில போறா. நிண்டுகொண்டு."

ஏன் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

ஜூலை 10

போயா விடுமுறை. பாலாவியில் சாச்சி வீடு. நாளை இங்கிருந்தே வான் ஏறலாம்.

ஜூலை 11, வெள்ளி

சந்தியில் றோசலின் மிஸ்ஸோடு நின்றேன். தூரத்தில் வான் தெரிந்தது. அவர் தன்பாட்டில் சொன்னார்: "இண்டைக்கு ஹோன் இல்லை. ஆள் இஞ்சதானே நிக்குது."

யாரிடம் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பைப் பொத்த முடியவில்லை.

ஸுஹைப் நானா, எங்கள் சாரதி, ஒன்றரை வருடமாகப் பாலாவிச் சந்திக்கு முன்னால் ஹோன் அடிக்கிறார். லொறிகளுக்கு என்று நினைத்திருந்தேன். எனக்காம். ஒன்று அடித்தால், ஹஃபீலா மிஸ் நல்லாயிருக்கிறார், கதைக்கலாம். இரண்டு அடித்தால், வாயை மூடிக்கொண்டு ஏறுங்கள்.

"மூன்டு?"

"மூண்டு ஒருக்காத்தான் அடிச்சவர். அண்டைக்கு நானும் பஸ்."

"திங்கக்கிழம?"

"ரெண்டு. அந்தப் பிள்ளைக்கு நான் சொல்ல மறந்துபோனன்."

வானில் ஏறியதும் ஸுஹைப் நானா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். சுத்தமாக இருந்த கண்ணாடி.

ஜூலை 12

நாள் முழுக்கச் சிரிப்பு வருகிறது. கூடவே வெட்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில், நாமல்லாத பிறராகிய 'மற்றமை' பற்றிக் கட்டுரை எழுதி ஏ எடுத்தவள் நான். மற்றமை பின் ஆசனத்திலிருந்து ஒரு புத்தகத்தின் பெயர் கேட்டது. அவ்வளவுதானே கேட்டா அந்தப் புள்ள? அதுக்கா அப்படி விழுந்த?

மதுசா மறுபடி வானில் ஏற வேண்டும். அவளுக்காக.

சரி — கொஞ்சம் எனக்காகவும்.

ஜூலை 14

இன்று நான் பஸ். புத்தளத்திலேயே ஆசனம் கிடைத்தது. பாலாவியில் மதுசா ஏறினாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். எழுந்து, "இரிங்க" என்றேன்.

"இல்ல மிஸ், நீங்க இருங்க."

மரியாதை பார்த்து இருவரும் நிற்க, வெற்றுக் கருவாட்டுக் கூடையோடு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். கூடைதான் காலி. வாசம் நிறைய. கற்பிட்டி வரை நின்றோம்.

"அன்டைக்கு நான் கோவப்பட்டது உங்களோட இல்ல. அது வீட்டிலிருந்து கொண்டுவந்தது."

"வீட்டிலயே வச்சிட்டு வந்திருக்கலாமே, மிஸ்."

மன்னிப்புக் கேட்டு, திரும்ப வானுக்கு வரச் சொன்னேன்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்" என்றாள். பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வானுக்கு... பாப்பம்."

ஜூலை 15

"இனி ஹோன் வாணாம் நானா. மனசு சரியில்லாட்டி நானே சொல்றேன்."

"சொல்லக்குள்ள கடிக்க மாட்டீங்களே மிஸ்?"

பாலாவியில் மதுசா நிற்கவில்லை.

ஜூலை 18

நின்றாள். கடைசி ஆசனத்தில், மூலையில் போய் உட்கார்ந்தாள். பரவாயில்லை. ஏறினாளே.

ஜூலை 23, புதன்

குவைத்காரர் வீட்டார் ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்களாம். என்னைக் கேட்காமலே உம்மா ஓம் சொல்லியிருக்கிறார். கேட்டா என்னவாம்? ஒரு வார்த்தை?

முன்னால் உட்காரப் பிடிக்கவில்லை. நடு வரிசையில் இருந்தேன். பாலாவியில் அவர்கள் ஏறும்போதே சொல்லிவிட்டேன்: "இன்டைக்கு எனக்கு மனசு சரியில்ல. உங்க ஒருத்தராலயும் இல்ல."

"சரி பிள்ளை. நாங்கள் மெல்லமாக் கதைக்கிறம்" என்றார் றோசலின் மிஸ்.

மதுசா மூலைக்குப் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நுரைச்சோலை தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள், தலை என் தோளில், வாய் லேசாகத் திறந்தபடி.

கோபம் அப்படியேதான் இருந்தது. கை மரத்துவிட்டது. வான் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தோளைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தேன்.