மங்கலான இருபது விநாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் மூவரும் சுகமாக இருப்பது வீடியோவிலேயே தெரிகிறது, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

குட்டிப்பயல் நடக்கிற வீடியோவை அனுப்பியிருந்தாய் அல்லவா, முதலில் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது, பிறகு இடம் போதாது என்று போன் சொன்னது. அவ்வளவு துல்லியமாக எடுத்தால் அவ்வளவு இடம் பிடிக்கும் என்று நீ முன்பே சொல்லியிருக்கிறாய், சரியென்று பழையதையெல்லாம் கழிக்க உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருஷமாகக் கீறல் விழுந்த கண்ணாடியை மறுமுறை பார்க்காமல் கூடையில் போட்ட கை இது. மங்கலாகத் தெரிந்ததையெல்லாம் அதே வேகத்தில் அழித்துத் தள்ளினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அப்புறம் குட்டிப்பயல் ஜோராக நடந்தான், சட்டைப் பொத்தானில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது, தைத்துவிடு, வாயில் போட்டுக்கொள்வான்.

போன வாரம் உன் அத்தை வந்திருந்தாள். அண்ணி பேசுறதைக் கொஞ்சம் போடுண்ணா என்றாள். தேடினேன், இல்லை. அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தில் முகமே தெரியாமல் நின்றுகொண்டு, படம் புடிச்சது போதும், வந்து சாப்பிடுங்க என்பாளே உன் அம்மா, அந்த இருபது விநாடி வீடியோதான். அவள் போன பிறகு அவள் குரல் இருந்த ஒரே இடம். போன் கடைக்காரர் பார்த்துவிட்டு, அழிச்சது முப்பது நாள்தான் குப்பையில இருக்கும், நீங்க நாப்பது நாள் கழிச்சு வந்திருக்கீங்க என்றார். சரி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய் சாயங்காலம்வரை ஏழு பேருக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை, சாப்பாடும் இறங்கியது. அத்தைதான் அழுதாள், அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஒன்றுமே ஆகாததுதான் பயமாக இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அதை எடுத்த அன்றே உனக்கு அனுப்பினேன். என்னப்பா, அம்மா மூஞ்சியே தெரியலையே என்று சிரித்தாய். உன் பழைய போனில் இருக்கிறதா பார். கிடைத்தால், தெளிவாக்குகிறேன் என்று அதில் கை வைக்காதே, அப்படியே அனுப்பு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள் கண்ணு. நீயும் அழித்திருந்தால் இல்லை என்று சொல்லிவிடாதே. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல். கேட்கும்போதெல்லாம் அதையே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா