இத்தா நாட்களில் ஒரு சீட்டுக்கட்டு

பிட்ரகுண்டா ரயில்வே காலனி
22-6-1952

அன்புள்ள சாபிராவுக்கு, பிலோமி எழுதுவது.

சரக்குப் படகு கவிழ்ந்து உன் வீட்டுக்காரர் ரஷீது அண்ணன் இறந்துபோன செய்தி அம்மாவின் கடிதத்தில்தான் தெரிந்தது. இரண்டு முறை உனக்கு எழுத உட்கார்ந்து இரண்டையும் கிழித்துப் போட்டேன். எனக்கு ஏழாம் மாதம். ரயிலேறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். இல்லையென்றால் ஓடி வந்திருப்பேன்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், புருஷன் துக்கம் காத்து, வாசல் தாண்டாமல் எப்படி இருப்பாயோ! இந்தப் பார்சலில் ஒரு சீட்டுக்கட்டு இருக்கிறது. பதறாதே. இது பந்தய ஆட்டம் இல்லை. எதிரே ஆளே கிடையாது. இவர் கூட்ஸ் வண்டியில் போய் நாலு நாள் வராதபோது, பக்கத்து வீட்டு ரோஸ்மேரி ஆன்ட்டி எனக்குச் சொல்லித்தந்தாள். பேஷன்ஸ், அதாவது பொறுமை, என்று பெயர்.

ஏழு வரிசை போடு. முதலாவதில் ஒரு சீட்டு, இரண்டாவதில் இரண்டு, இப்படியே ஏழாவதில் ஏழு. ஒவ்வொன்றிலும் மேல் சீட்டுக்கு மட்டும் முகம் தெரியட்டும். மீதி கையில். சிவப்பு ஒன்பதின் மேல் கறுப்பு எட்டு, அதன் மேல் சிவப்பு ஏழு என்று நிறம் மாறி இறங்க வேண்டும். ஆஸ் வந்தால் மேலே தனியாக வை. அதன்மேல் அதே இனத்து இரண்டு, மூன்று என்று ஏற்று. நான்கு இனமும் ராஜா வரை ஏறினால் உனக்கு ஜெயம்.

உன்னையே நினைத்திருக்கும்,
பிலோமி

786
தண்டையார்பேட்டை
9-7-1952

பிரியமுள்ள பிலோமிக்கு,

உனக்குச் சுகப்பிரசவம் ஆக துஆ செய்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் கோபம்தான் வந்தது. வருகிறவர்களெல்லாம் 'சபர் செய், பொறுமையாயிரு' என்கிறார்கள். நீயும் அதே பெயரில் ஒன்றை அனுப்பிவிட்டாயே என்று நாலு நாள் பாய்க்கடியில் போட்டிருந்தேன். பிறகு பிரித்தேன்.

அவங்களைப் பெற்ற மாமி என்னோடு பேசுவதே இல்லை. இருவருக்கும் ஒரே அறை. அவர் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு அந்தச் சுவரோரம், நான் இந்தச் சுவரோரம். படகு கவிழ்ந்த அன்று காலையில் அவங்க, காய்ச்சலாயிருக்கிறது, வேலைக்குப் போகவில்லை என்றார்கள். மேஸ்திரி வேறு ஆளை ஏற்றிக்கொள்வான், போங்கள் என்று நான்தான் கிளப்பி அனுப்பினேன். அது மாமியின் காதில் விழுந்தது.

ஒன்பது ஆட்டம் ஆடினேன், ஒன்பதும் தோல்வி. எங்கே தப்பு செய்கிறேன்? ஒரு வரிசை காலியானால் அங்கே எதை வைப்பது? அதை நீ எழுதவில்லை.

சாபிரா

பிட்ரகுண்டா
20-7-1952

என் சாபிராவுக்கு,

மறந்துதான் போனேன், மன்னித்துக்கொள். காலி இடத்தில் ராஜா மட்டும்தான் வரலாம். ராஜா தயாராக இல்லாமல் வரிசையைக் காலி செய்யாதே. கைச் சீட்டை எடுக்க அவசரப்படாதே. மூடிக் கிடப்பதை முதலில் திற, அதிலும் கனமான வரிசையை. சின்னச் சீட்டை உடனே மேலே ஏற்றிவிடாதே. கீழே இன்னொன்று உட்கார அது வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சில ஆட்டம் வரிசை போடும்போதே தோற்றுப்போயிருக்கும். யார் ஆடினாலும் திறக்காது. தப்பு எங்கே, தப்பு எங்கே என்று தேடுகிறாயே, தப்பே இல்லாமலும் இருக்கலாம். சீட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வேறெதையோ எழுதியதாகத் தோன்றினால் அதையும் வைத்துக்கொள்.

பிலோமி

தண்டையார்பேட்டை
28-8-1952

பிலோமி,

மாமி பேசிவிட்டார்!

நேற்று அஸர் தொழுகை முடிந்து வரிசை போட்டிருந்தேன். சுவரோரத்திலிருந்து குரல் வந்தது: "இன்னாத்துக்குமே அந்தக் கறுப்பு எட்ட உட்டு வெச்சிகினு கீற? தோ கீது பாரு, சேப்பு ஒம்போது!"

இத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நீ எழுதியதையெல்லாம் நான் ஆடுவதைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆட்டம் அடைத்துக்கொண்டது.

"பூட்ச்சா?"

"போயிடுச்சு மாமி. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல."

"நீ இன்னா பண்ணுவே? அது வுயும்போதே அப்பிடி வுயுந்து கீது."

எனக்கு அடக்க முடியவில்லை. "நான்தானே மாமி அன்னிக்கு அவங்களைப் போகச் சொன்னேன்" என்றேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டுமா சொன்னே? நான் கஞ்சி காச்சிக் குடுத்து, எய்ந்திரு நைனா, ஆம்பள இப்பிடிப் படுத்துகினு கெடக்கலாமான்னு கேட்டேன். அத்த ஒன்னாண்ட சொல்றதுக்கு எனுக்கு வாய் வர்ல. அதான் பேசல."

என்மேல் கோபம் என்றல்லவா நினைத்திருந்தேன்! இருவரும் வாய்விட்டு அழுதோம். பிறகு மாமியே சீட்டைக் கலைத்தார்.

உன் சாபிரா

தண்டையார்பேட்டை
19-10-1952

அருமைப் பிலோமிக்கு,

ஆண் குழந்தை என்று உன் அம்மா சொல்லியனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ். இத்தா முடிந்து ஆறு நாளாயிற்று. என் கூடப்பிறந்த மஜீது அண்ணன் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்தார். நான் மாமியோடுதான் இருப்பேன் என்று நானே சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மாமியும் சொல்ல வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"பிலோமி, நல்லா கீறியா? ஒன் காயிதத்த எல்லாம் இவ பட்ச்சிக் காட்னா. ரெண்டு மாசத்துக்கு மேல எங்க வூட்ல பேச்சே கெடையாது. நீ எங்கியோ குந்திகினு எங்க ரெண்டு பேரையும் பேச வெச்சே. ஆண்டவன் ஒனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான். புள்ளையத் தூக்கிகினு வா, நான் பாக்கணும். வரசொல்ல இன்னோரு கட்டு எட்தா. இவ குடுக்க மாட்டேன்றா."

இப்படிக்கு,
சொன்னது மாமி, எழுதியது சாபிரா