சக்கரபாணிக்குக் கேட்ட ஓட்டு

முதலியார்பேட்டை, புதுச்சேரி
14.3.85

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அப்பா ஆதிமூலம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா? அம்மா வீராம்பட்டினத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டு தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உடனே எழுது.

இங்கே தேர்தல் முடிந்தது, நம் கட்சி ஆள் ஜெயித்துவிட்டான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. இந்தத் தடவை யாரை நிறுத்தினார்கள் தெரியுமா, சக்கரபாணியை. மில் ஸ்டிரைக்கில் எங்களோடு கேட்டில் உட்கார்ந்துகொண்டே, முன்னால் நின்றவர்கள் பேரையெல்லாம் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தானே, அதே ஆள். அதில்தான் என் சிநேகிதன் பக்கிரிக்கு வேலை போனது, அப்புறம் பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கி நெஞ்சுநோய் வந்து செத்தான். சக்கரபாணி போன வருஷம்தான் வேறு கட்சியிலிருந்து நம் கட்சிக்குத் தாவி வந்தான், சீட்டும் வாங்கிவிட்டான். கட்சி ஆபீசில் எழுந்து கேட்டேன். செயலாளர், "ஆளப் பாக்காத ஆதிமூலம், சின்னத்தப் பாரு" என்றார். இருபத்தெட்டு வருஷமாகச் சின்னத்தையே பார்த்துப் பழகியவன், வாயை மூடிக்கொண்டேன். நம் தெருவில் ஓட்டுக் கேட்கிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். பக்கிரி பெண்சாதி செல்வாம்பாள் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், அவளே கூப்பிட்டுவிட்டாள். நோட்டீசை வாங்கி அந்த ஆள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நீங்க போடுவீங்களாண்ணே?" என்று கேட்டாள். போடுவேன் என்றேன். "அப்ப நானும் போடறேன். இந்த மூஞ்சிக்கு இல்ல, நீங்க வந்து கேட்டுட்டீங்கன்னு" என்றாள்.

ஓட்டுப் போடுகிற அன்று ஓட்டுச் சீட்டையும் முத்திரையையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனேன். நம் சின்னத்தின் மேல் கொண்டுபோனால் பக்கிரி ஞாபகம் வந்து கை நின்றுவிடுகிறது. எதிர்க்கட்சிக்குக் குத்தவும் மனசு வரவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். கடைசியில் இரண்டிலும் குத்தி, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். செல்லாத ஓட்டு. வெளியே வந்தால் வரிசையில் செல்வாம்பாள் நிற்கிறாள், என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லாமல் வந்துவிட்டேனம்மா. ஜெயித்த ஊர்வலம் வெடிச் சத்தத்தோடு நம் தெருவில் வந்தபோது நான் வெளியே வரவில்லை. மனசு பொறுக்காமல் நேற்றுக் காலை அவள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, "அப்ப நான் மட்டுந்தான் போட்டனா?" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கட்சி கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஆபீஸ் வரைக்கும் போனேன், வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். கொடுத்தால் மட்டும் அவள் போட்ட ஓட்டு திரும்பி வந்துவிடுமா?

குழந்தைக்கு வேப்பிலை வைத்த தண்ணீர் ஊற்று, வெயிலில் விடாதே. மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். பதில் எழுதும்போது இந்தச் சங்கதியை மட்டும் தொடாதே. உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
க. ஆதிமூலம்